சாய்ந்த வெட்டு

பிடித்த மீனைத் திரும்பவும் ஆற்றிலேயே விடச் சொல்வதற்கு ஒரு மனிதருக்கு மாதச் சம்பளம் என்றால், ஆற்றுப் பக்கம் வராதவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேலையில் சேர்ந்த புதிதில் ஆற்றுக் காவலரே சிரித்தவர்தான்.

விஷயம் இதுதான். அந்த ஆற்றில் இரண்டு வகை மீன். மேலே, கூழாங்கல் படுகையில் தானே பொரிந்து, தானே இரை தேடி, பிழைத்ததுபோக மிச்சம் வளர்வது ஆற்று மீன். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பண்ணையில் தட்டில் பொரிக்க வைத்து, சிமெண்ட்டுத் தொட்டியில் வேளாவேளைக்குத் தீவனம் போட்டு, விரல் நீளம் வந்ததும் கொண்டுவந்து விடுவது பண்ணை மீன். விடுமுறைக்குத் தூண்டிலும் கையுமாக வருகிற டவுன்காரர்கள் ஆசை தீரப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவதற்கென்றே விடுவது அது. ஆற்று மீன் கொக்கியில் மாட்டினால் பதமாகக் கழற்றி விட்டுவிட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். அதற்காகப் பண்ணையில் ஓர் அடையாளம் செய்வார்கள். முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், எலும்போ முள்ளோ இல்லாத ஒரு சதைத் துணுக்கு இருக்கும். குட்டித் துடுப்பு என்று பெயர். குஞ்சாக இருக்கும்போதே அதைக் கத்தரித்துவிடுவார்கள். ஆறினால் அந்த இடம் வழவழவென்று ஆகிவிடும். குட்டித் துடுப்பு இல்லையா, கொண்டுபோ. இருக்கிறதா, விடு. சட்டம் மொத்தமும் கட்டைவிரல் நுனியில் அடங்கிவிடும்.

கத்தரிப்பது பண்ணையில் வேலை பார்க்கும் பெண்கள். அதில் ஒருத்தி காவலரின் மனைவி. "இந்த ஆத்துல போற மீன்ல பாதி என் கை பட்டதுதான்" என்று அவள் சமயத்தில் பெருமை அடித்துக்கொள்வாள். அவள் கத்தரித்தாளா என்று இவர் தடவிப் பார்ப்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மீனை வைத்து இரண்டு சம்பளம் வாங்குகிறார்கள் என்று படகுத்துறையில் கேலி உண்டு.

காவலருக்குத் துறையில் வைத்த பெயர் துருவியார். எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்பார். எந்தப் புழுவைக் கோத்தீர்கள், மீன் கீழிருந்து வந்து கவ்வியதா பக்கத்திலிருந்து வந்ததா, அந்த மடுவில் தண்ணீர் ஏன் இன்று கலங்கலாக இருக்கிறது. பதில் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மீனைத் தேடி வந்தவர்கள் இவரிடம் மாட்டிக்கொண்டு தூண்டிலைச் சுருட்டிய கதைகள் பல.

சில வருஷங்களாக அவருக்குள் ஒரு சந்தோஷம் ஊறிக்கொண்டிருந்தது. குட்டித் துடுப்புள்ள மீன்கள் கூடிக்கொண்டே வந்தன. "ஆறு தானாவே எந்திரிச்சு உக்காருது பாருங்க" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மேல் ஆபீசிலும் அதைச் சொல்லிச் சொல்லி, அவர் பேச்சை நம்ப வைத்திருந்தார்.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் மச்சான் படகில் அந்த மீன் இருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். படகுக்காரர். டவுன்காரர்களை ஏற்றிப்போய் எந்த மடுவில் எப்போது வீச வேண்டும் என்று காட்டுவது தொழில். மடு தெரிந்த அளவுக்குப் பேச்சும் தெரிந்தவர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அவருக்கென்றே சொன்னது. படகும் அதற்கான உரிமமும்தான் அவருக்கு இருக்கிற ஒரே பிழைப்பு.

அன்று காலை பனி மூட்டம் இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. காவலர் துறையில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டு, ஒதுங்கிய படகின் கயிற்றைப் பிடித்தார்.

"என்ன மச்சான், காலையிலேயே பெட்டி கனக்குது போல?"

"ஒண்ணுதான் மாப்ளே. கொஞ்சம் பெரிசு."

படகில் வந்திருந்த மருந்துக்கடைக்காரருக்கு முகமெல்லாம் பல். "கொஞ்சம் பெரிசா? என் ஆயுசுல இப்படி ஒரு மீன் பிடிச்சதில்ல சார். போட்டோ பாக்குறீங்களா?"

"மீனையே பாத்துடுறேன் சார்."

ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு முதுகைத் தடவினார். வழவழவென்று போயிருக்க வேண்டிய விரல் ஓரிடத்தில் தட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தார். வாலுக்கு முன்னால், வெட்டுப்பட்ட துடுப்பின் மிச்சமாக ஒரு மொட்டை. ஒரு பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் உயர்ந்து, கோணலாக நின்றது.

"மச்சான், இது என்ன?"

"எது?"

"குட்டித் துடுப்பு இருக்கே."

"பாதிதான் இருக்கு."

"பாதின்னாலும் இருக்குதானே? சந்தேகம்னா விட்டுடணும்னு உங்களுக்குப் போய் நான் சொல்லணுமா? மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக்குடுக்கிற மாதிரி?"

மருந்துக்கடைக்காரர் பதறினார். "அண்ணன் தடவிப் பாத்துட்டுத்தான் சார் சொன்னாரு, இது பண்ணை மீனு, அடிச்சுக் கொல்லலாம்னு. ஒரு நிமிஷம் யோசிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. சிரிச்சுட்டுத்தான் அடிக்கச் சொன்னாரு."

"ஏன் சிரிச்சீங்க மச்சான்?"

படகுக்காரர் அக்கரையைப் பார்த்தார். "நான்தான் அடிக்கச் சொன்னேன். அவர் மேல தப்பில்ல. எழுதுங்க மாப்ளே."

காவலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சுப் பேசுகிற வாய் அது. போன முறை வேறொரு தகராறில் அவரை எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது முறை என்றால் படகு உரிமம் போய்விடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் இன்னும் இரண்டு படகுகள் ஒதுங்கிக்கொண்டிருந்தன, எல்லோருடைய காதும் இந்தப் பக்கம்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. காவலர் எழுதினார்.

மீன் சாட்சிப் பொருள் ஆகிவிட்டது. விசாரணை வரைக்கும் அதைக் கெடாமல் வைத்திருப்பது காவலர் பொறுப்பு. ஐஸ் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மூலையில் வைத்தார். மச்சான் அடித்த மீன், தங்கை வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில், ஆனால் சமைக்கக் கூடாது. அப்படி ஒரு விருந்தாளி.

அவர் மனைவி மாலையில் வந்தாள். கத்தரிக்கிற பருவம் அது. பகல் முழுக்க மயக்க மருந்து கலந்த குளிர்ந்த தண்ணீரில் கைவிட்டுக் குஞ்சைப் பிடித்து, ஒரு வெட்டு, குழாயில் போட்டால் தொட்டிக்கு ஓடிவிடும், அடுத்த குஞ்சு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்காருவாள். விரல்கள் தன் விரல்கள்தான் என்று தெரிய அரை மணி ஆகும்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னார்.

"எங்க அண்ணன் மேலயா எழுதினீங்க?"

"பின்ன? ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. அவராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் தொறக்கல. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'தெரியாம நடந்துபோச்சு'ன்னு சொல்லியிருந்தாக்கூட எச்சரிக்கையோட விட்டிருப்பேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாள். மீனின் முதுகில் கட்டைவிரலை வைத்தாள். வைத்த இடத்திலேயே விரல் நின்றது. பிறகு மூடியை அழுத்தி மூடிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

சண்டை போட்டிருந்தால் காவலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வேகவைத்த உருளைக்கிழங்கையும் முட்டையையும் தட்டில் வைத்து, உப்பு மிளகுத்தூள் தூவி, எதிரே தள்ளினாள். அவர் சாப்பிடாமல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"இங்க பாரேன். பெரிய முதுகுத் துடுப்பு நுனியெல்லாம் தேஞ்சு போயிருக்கு. சிமெண்ட்டுல உரசித் தேயுற மாதிரி. ஆத்து மீனுக்கு இப்படித் தேயாது. அப்ப இது பண்ணை மீன்தானே? பண்ணை மீனுக்குக் குட்டித் துடுப்பு எப்படி வந்துச்சு?"

"ஆறுது. சாப்பிடுங்க."

"இல்ல, எனக்குப் புரியல..."

"எல்லாமே உங்களுக்குப் புரிஞ்சாகணுமா?"

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அண்ணன் மேல் பாசம், அதான் கோபம் என்று காவலர் கணக்குப் போட்டுக்கொண்டார். உருளைக்கிழங்கு ஆறித்தான் போயிருந்தது.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் மச்சானின் கொட்டகைக்குப் போனார். படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துச் செருகிக்கொண்டிருந்தார் படகுக்காரர். உரிமம் போகப் போகிற மனிதர் படகுக்கு ஒழுகல் அடைக்கிறார்.

"வாங்க மாப்ளே. அந்தத் தார் டப்பாவை இப்படித் தள்ளுங்க. டீ குடிக்கிறீங்களா?"

"டீ கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மீனைத் தடவிப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"மொட்டை இருந்தது தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படிப் பண்ணை மீன்னு சொன்னீங்க?"

"பண்ணை மீன்தான் அது."

"அதான் எப்படித் தெரியும்னு கேக்குறேன்! தேஞ்ச முதுகுத் துடுப்பைப் பாத்தீங்களா?"

படகுக்காரர் சுத்தியலை நிறுத்தினார். "தேஞ்சிருந்துச்சா? நான் அதைப் பாக்கல."

"பின்ன?"

"மாப்ளே, நீங்க நல்ல மனுஷன். என் தங்கச்சியை ஒரு குறை இல்லாம வெச்சிருக்கீங்க. ஆனா இந்தத் தோண்டுற புத்தி இருக்கே... சில இடத்துல தோண்டினா தண்ணி வரும், சில இடத்துல பாம்பு வரும். விடுங்க."

"வெள்ளிக்கிழமை விசாரணை. இப்படியே வாயை மூடிக்கிட்டு நின்னீங்கன்னா படகு போயிடும் மச்சான்."

"போகட்டும். மண்ணு சுமந்தாவது பொழச்சுக்குவேன். எனக்கென்ன, ஒண்டிக்கட்டை." மறுபடி உளியை எடுத்தார். "அது இப்பத்தானே நிரந்தரம் ஆகப் போகுது."

"எது?"

படகுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பஞ்சுத் திரி இடுக்குக்குள் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வருகிற வழியெல்லாம் காவலர் அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டே வந்தார். நிரந்தரம் ஆகப் போவது யார்? அந்தக் குடும்பத்தில் வேலை நிரந்தரமாக வேண்டியது ஒருத்திதான். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகக் கூலிக்கு எடுக்கிற வேலை அது. இந்தப் பருவம் முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகப் பண்ணையில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பழைய போர்வையைத் துடைக்கிற துணிக்காகத் துண்டு துண்டாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடக்கைப் பழக்கம். கத்தரிக்கோல் இடக்கையில் இருந்தது. இரண்டு அலகும் ஒன்றை ஒன்று நெருக்காமல் விலகி விலகிப் போயின. துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொண்டது. அவள் கையைக் கோணலாகத் திருப்பி அழுத்தி அழுத்தி வெட்டினாள். ஒவ்வொரு துண்டின் ஓரமும் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்து கிடந்தது.

காவலர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை வருஷம் இவளோடு வாழ்ந்தாகிவிட்டது. ஊரில் ஒருவர் புழு கோக்கிற விதத்தைக்கூட விடாமல் விசாரித்தவர், தன் பெண்டாட்டி கத்தரிக்கோல் பிடிக்கிற விதத்தை ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. உள்ளபடியே வெட்கம்.

"அது உன் வெட்டா?" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். ஒளிக்க நினைத்த முகம் இல்லை அது. எப்போது கேட்பார் என்று காத்திருந்த முகம்.

"தொட்டதுமே தெரிஞ்சுபோச்சுங்க. வீட்டுல சின்னப் பிள்ளையில அண்ணனுக்குத் தூண்டில் இரைக்கு மீன் தோலு கீறிக் குடுப்பேன். எல்லாம் இப்படித்தான் கோணலா இருக்கும். 'இவ வெட்டினதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கண்டுபிடிச்சுடலாம்'னு கேலி பண்ணும். அதான் அன்னிக்குப் படகுல சிரிச்சிருக்கு."

"அதான் வாயே தொறக்கலையா..."

"எப்படித் தொறக்கும்? 'என் தங்கச்சி சரியா வெட்டல, அதான் தெரிஞ்சுது'ன்னு சொன்னா அன்னிக்கே என் சீட்டுக் கிழிஞ்சிடும்ல?"

"எல்லாத்தையுமா இப்படி வெட்டுறே?"

"இல்லீங்க. காலையில எல்லாம் சரியாத்தான் விழும். சாயங்காலம் கை மரத்துப்போனப்புறம் கத்தரி விலகும். அடியோட போகாம கொஞ்சம் நின்னுடும். அது மீனோட சேந்து வளரும்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு சின்னது, குண்டூசித் தலை மாதிரி. ஆறிடும்னு நெனச்சேன்."

"வலக்கையில வெட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். மீனோட வாலையே வெட்டிட்டேன்."

சிரிக்கக் கூடாத நேரத்தில் காவலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டார், "வேற கத்தரி கேக்க வேண்டியதுதானே? இடக்கைக்காரங்களுக்குன்னு தனியா இருக்குமே."

"இருக்கும்னு கேள்விப்பட்டேன். ஆனா பக்கத்துல உக்காந்து வெட்டுறவங்க எல்லாம் அதே கத்தரியிலதானே வெட்டுறாங்க? நான் மட்டும் போய்க் கத்தரி சரியில்லன்னு சொன்னா என்ன சொல்வாங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்ல மாட்டாங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வெள்ளிக்கிழமை வர்றேங்க. சொல்லிடுறேன்."

"வேலை போயிடும்மா."

"அண்ணன் படகை வித்துட்டு மண்ணு சுமக்கப் போகும், நான் நிரந்தரமாகி உக்காந்து அதையே வெட்டிக்கிட்டு இருக்கணுமா? ஒவ்வொரு குஞ்சா எடுக்கையில அண்ணன் ஞாபகம் வராது?"

காவலருக்கு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். அன்று இருவரும் சேர்ந்து அந்தப் போர்வையை வெட்டி முடித்தார்கள். அவர் வெட்டினார், அவள் மடித்து வைத்தாள்.

விசாரணை பண்ணையிலேயே நடந்தது. மீன்வளத் துறை அதிகாரி இளம்பெண். மீனைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். கத்தரிக்கிற மேசையைச் சுற்றித் தண்ணீர்ச் சத்தம், தீவன வாடை, கம்பி வலைக்கு மேலே குழல்விளக்கு. பண்ணை மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படகுக்காரர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். தங்கை உள்ளே வருவதைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது.

"நீ எதுக்கு வந்தே? போம்மா வேலையைப் பாக்க."

"என் வேலையைப் பத்திப் பேசத்தான் வந்தேன்ணே."

நேராக அதிகாரியிடம் போனாள். "மேடம், அந்த மீனு நான் வெட்டினது. அடியோட வெட்டாம விட்டிருக்கேன். எங்க அண்ணன் அதை வெச்சுத்தான் பண்ணை மீன்னு கண்டுபிடிச்சுது. என்னைக் காட்டிக்குடுக்க மனசில்லாம பழியை ஏத்துக்கிட்டு நிக்குது."

மேற்பார்வையாளர் குதித்தார். "பாத்தீங்களா மேடம்! வாய்ப்பேச்செல்லாம் கேளுங்க, வெட்டு மட்டும்..."

அதிகாரி கையமர்த்தினார். அவர் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கண்ணில் தெரிந்தது வேறு. அந்தப் பார்வையைக் காவலர் அடையாளம் கண்டுகொண்டார். பதில் தெரியாமல் சோறு இறங்காதவர்களின் பார்வை.

"முதல்ல இது பண்ணை மீனா இல்லையான்னு பாத்துடலாம்" என்று மீனிலிருந்து ஒரு செதிலைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். பிறகு ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வட்ட வட்டமாக வரிகள். "இது மீன் வளந்த கதை. ஆத்துல பொறந்தது மொதல் குளிர்காலத்துல இரை கெடைக்காம தவிக்கும். நடுவுல வரி நெருக்கமா இருக்கும். பண்ணையில வளந்ததுக்குப் பட்டினியே கெடையாது. ஆரம்பத்துல இருந்தே அகல அகலமா இருக்கும். இது எப்படி இருக்கு?"

"அகலமா" என்றாள் அவள்.

"அப்ப பண்ணை மீன்தான். சரி, இப்ப வெட்டிக் காட்டுங்க அக்கா."

ஐந்தாறு குஞ்சுகளை வெட்டிக் காட்டினாள். நாலு சுத்தமாக விழுந்தது. அடுத்ததில் அலகு விலகி, ஓரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டது. அதிகாரி கத்தரியை வாங்கினார். தன் இடக்கையில் மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை வெட்டிப் பார்த்தார். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கியது. மேற்பார்வையாளரிடம் நீட்டினார்.

"நீங்க வெட்டுங்க சார். இடக்கையில."

அவர் வெட்டியதும் கோணல்.

"ஆடத் தெரியாதவன்னு சொல்லலாம்" என்றார் காவலர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல். "ஆனா இங்க கூடமும் கோணல்தான் மேடம்."

தீர்ப்பு எல்லோருக்கும் இனிக்கிற மாதிரி வரவில்லை. மொட்டை தெரிந்தால் விட வேண்டும் என்பது சட்டம்; தங்கை வெட்டு என்று தெரிந்து அடித்தாலும் சட்டத்துக்கு அது தெரியாது என்று அதிகாரி படகுக்காரரிடம் கறாராகச் சொன்னார். ஆனால் மீன் பண்ணை மீன் என்பதால் உரிமத்தைப் பறிக்கவில்லை. இந்தப் பருவம் முழுக்க அவர் படகில் சிக்குகிற ஒவ்வொரு குட்டித் துடுப்பு மீனிலிருந்தும் ஒரு செதிலை எடுத்துவிட்டுத்தான் மீனை விட வேண்டும், காவலர் கூடவே இருக்க வேண்டும் என்றார். அவளுக்கு இடக்கைக் கத்தரி வரும். வேலை இருக்கும். நிரந்தரம் மட்டும் இன்னொரு பருவம் தள்ளிப்போனது. அவள் தலையை ஆட்டினாள். அண்ணன் அவள் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "லூசு" என்றார்.

காவலர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் அதிகாரி கூப்பிட்டார்.

"சார், ஒரு சந்தேகம். சில வருஷமா ஆத்து மீன் கூடிட்டே வருதுன்னு சொல்லிட்டு இருந்தீங்களே. அதுல இந்த மாதிரி மொட்டை எவ்வளவு இருக்கும்?"

காவலர் பெட்டியைக் கீழே வைத்தார். மனைவி பண்ணையில் சேர்ந்ததும், ஆறு எழுந்து உட்கார ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரே காலம். படகுத்துறையில், கடைத்தெருவில், மேல் ஆபீசில் அவர் மார்தட்டிச் சொன்னதெல்லாம் ஒரு கோணல் கத்தரியின் புண்ணியமாக இருக்குமோ? மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியலையே மேடம்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு அவர் மச்சான் படகிலேயே குடியிருந்தார். மழை பெய்தால் இருவரும் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். டவுன்காரர் கொக்கியில் மீன் மாட்டினால் கைவலையில் ஏந்தி, தண்ணீரை விட்டு எடுக்காமலே ஒரு செதிலைக் கிள்ளிக்கொண்டு விட்டுவிடுவார்கள். மொட்டையா முழுசா என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றிலும் எடுத்தார்கள். மொட்டையாக நின்ற சில துடுப்புகள் வளர்ந்து ஏறக்குறைய முழுசாகவே ஆகிவிடும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எதைத் தடவினாலும் காவலருக்குச் சந்தேகம்.

"பொண்டாட்டி மேல சந்தேகப்படுறவனைப் பாத்திருக்கேன் மாப்ளே" என்றார் படகுக்காரர். "பொண்டாட்டி வெட்டு மேல சந்தேகப்படுறவனை இப்பத்தான் பாக்குறேன்."

மைக்ராஸ்கோப்பை அதிகாரி பண்ணையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். கத்தரிக்கிற வேலை முடிந்ததும் காவலரின் மனைவிதான் செதில்களைப் பார்த்தாள். இரண்டு நாளிலேயே கண் பழகிவிட்டது அவளுக்கு. முதல் சாயங்காலம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அகலம்." அடுத்தது. "இதுவும் அகலம்." காவலர் சுவரில் சாய்ந்து நின்றார். ஒவ்வொரு 'அகலத்துக்கும்' அவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"போதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

"ஏன், உங்களுக்குத் தெரிஞ்சாகணும்ல?"

"பயமா இருக்கும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்தாள். அது அன்று மதியம் மேல் மடுவில் கிடைத்தது. பெரிய மீனில்லை, கை வலையில் துள்ளித் துள்ளிப் படகுக்காரர் முகமெல்லாம் தண்ணீரை அடித்துவிட்டுப் போன மீன். கதவோரத்தில் ஈரச் சட்டையோடு நின்றிருந்த அண்ணனும் கிட்டே வந்தார்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். திருகைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே திருப்பினாள். இடக்கையால்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லேன்மா" என்றார் படகுக்காரர்.

"இருங்கண்ணே." மறுபடி பார்த்தாள். "நடுவுல வரி நெருக்கமா இருக்கு. ரொம்ப நெருக்கம். எண்ணக்கூட முடியல. பட்டினி கெடந்து வளந்திருக்கு."

நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். பகல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் கிடந்த கைகள் இன்னும் சிவந்திருந்தன.

"இது நான் தொடாததுங்க" என்றாள்.